காதில் இலக்கம் குத்திய பூனை: சாக்கைத் தேடும் முன் இதை வாசியுங்கள்

 

இரண்டு கிழமையாக எங்கள் தெருவில் மூன்று கேள்விகள் சுற்றித் திரிகின்றன. பூனையின் காதில் பச்சை குத்துவது ஹராமா? குத்திய காது வீங்கினால் அது பிள்ளைகளுக்குத் தொற்றுமா? அப்படி வீங்கின பூனையைச் சாக்கில் போட்டுக் கடற்கரைப் பக்கம் கொண்டுபோய் விட்டால் என்ன? மூன்றாவதைச் சிலர் கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை, நேரே சாக்கைத் தேடத் தொடங்கிவிட்டார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறோம். பொறுமையாக வாசியுங்கள்.

தெரியாதவர்களுக்காக நடந்ததைச் சொல்கிறோம். சில வீடுகள் காசு சேர்த்து, தெருவில் வளரும் ஒன்பது பூனைகளுக்கு ஒரு மிருக வைத்தியரைக் கொண்டு கருத்தடை சத்திரசிகிச்சையும் விசர்நோய்த் தடுப்பூசியும் செய்வித்தோம். மயக்கத்தில் இருக்கும்போதே ஒவ்வொன்றின் காதின் உட்பக்கத்திலும் ஓர் இலக்கம் குத்தப்பட்டது. "நாங்கள்" என்று நாங்கள் எழுதுவது எங்கள் வீட்டையும் பக்கத்து இரண்டு வீடுகளையும் சேர்த்து. ஒன்பதில் ஐந்து பூனைகளை மாறி மாறிப் பார்த்தவர்கள் நாங்கள். மற்ற நான்கும் வேறு வீடுகளில் இருந்தன. அவற்றில் ஒரு சாம்பல் கடுவனின் காதுதான் வீங்கிச் சீழ் பிடித்தது. கதை அங்கிருந்துதான் ஊரெல்லாம் பரவியது.

முதலில் இந்தப் பச்சை என்ன என்று பார்ப்போம். சிறிய ஊசிகளை இலக்க வடிவத்தில் அடுக்கிய இடுக்கி ஒன்று இருக்கிறது. காதின் உட்பக்கத்தைச் சுத்தம் செய்து, அந்த இடுக்கியால் ஒருதரம் அழுத்தி, குத்திய துளைகளில் மையைத் தேய்ப்பார்கள். சில இடங்களில் மனிதருக்குப் பச்சை குத்துவது போன்ற மின் ஊசியாலும் எழுதுவார்கள். மை தோலின் உள்படையில் தங்கிவிடும். கறுத்தக் காதிலும் தெரியவேண்டும் என்பதற்காகப் பச்சை மையைப் பலர் விரும்புகிறார்கள். எங்கள் மொழியில் "பச்சை குத்துதல்" என்று சொல்வது இங்கே அப்படியே பொருந்திவிட்டது.

இது எங்கள் தெருவில் புதிதாகக் கண்டுபிடித்த வேலை அல்ல. பிரான்சில் நாய் பூனைகளின் காதில் இலக்கம் குத்துவது நீண்டகாலப் பழக்கம். இந்தியாவில் 2001 இல் வந்த நாய்க் கருத்தடை விதிகளில், சத்திரசிகிச்சை முடிந்த தெருநாயின் காதை வெட்டி அடையாளப்படுத்தலாம் அல்லது பச்சை குத்தலாம் என்று இருந்தது. அமெரிக்காவில் தெருப்பூனைக்கு மயக்கத்திலேயே இடது காதின் நுனியை ஒரு சென்ரிமீற்றர் அளவு நேராக வெட்டிவிடுவார்கள். தூரத்தில் நின்று பார்த்தாலே "இதற்குச் செய்தாயிற்று" என்று தெரியும். பச்சையைப் பார்க்கவோ பூனையைப் பிடித்துக் காதை விரிக்க வேண்டும். ஆகவே மனிதர் கைக்கு வராத பூனைக்கு நுனி வெட்டுவது நல்லது, வீட்டோடு பழகின பூனைக்கு இலக்கம் போதும். அரிசிமணி அளவான மைக்ரோசிப்பைத் தோலுக்கடியில் வைப்பதும் உண்டு. அதை வாசிக்கத் தனிக் கருவி தேவை. இலக்கத்தை வாசிக்க ஒரு டோர்ச் லைட் போதும்.

இனி ஹராம் ஹலால் கேள்வி. தீர்ப்புச் சொல்வது மௌலவிமாரின் வேலை. வாசித்துத் தெரிந்ததை மட்டும் சொல்கிறோம். மனிதர் உடம்பில் பச்சை குத்துவதற்கு அரபியில் "வஷ்ம்" என்று பெயர். அது தடுக்கப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். விலங்குக்கு அடையாளம் இடுவதற்குப் பெயர் "வஸ்ம்". அரபியில் எழுதினால் மூன்று புள்ளிகள்தான் வித்தியாசம், ஆனால் விஷயம் வேறு. அனஸ் (ரழி) அவர்கள் பிறந்த தம்பியைத் தூக்கிக்கொண்டு போனபோது, நபி (ஸல்) அவர்கள் ஆடுகளுக்கு அடையாளம் இட்டுக்கொண்டிருந்ததைக் கண்டதாகப் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. ஆடுகளின் காதுகளில் என்றே நினைப்பதாக அறிவிப்பாளர் சொல்கிறார். முகத்தில் சூடு போட்டதைப் பார்த்து நபியவர்கள் கடுமையாகக் கண்டித்ததும் முஸ்லிமில் இருக்கிறது. ஆட்டுக்குக் காதிலும், மாட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தொடையின் அடியிலும் அடையாளம் இடுவது நல்லது என்று இமாம் நவவி எழுதியிருக்கிறார்கள். அதாவது அடையாளம் இடலாமா என்பதோடு, எந்த இடத்தில், எவ்வளவு நோவோடு என்பதையும் யோசித்திருக்கிறார்கள். மாட்டுக்குக் குறிசுடுவதைக் கண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். மயக்கத்தில் குத்தும் இலக்கம் அதைவிட எவ்வளவோ மெல்லியது. கருத்தடை பற்றி உலமாக்களிடம் வெவ்வேறு கருத்துகள் உண்டு. அதை உங்கள் மௌலவியிடமே கேளுங்கள்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் சின்னது. பச்சை குத்திய காது வீங்குவது தொற்று வருத்தம் அல்ல. குத்திய காயம் ஆறும்வரை சரியாகப் பார்க்காவிட்டால் வரும் பிரச்சினை அது. ஆகவே எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதல் நாள், மயக்கம் தெளியும் நாள். பூனை கண்ணைத் திறந்தபடியே மயங்கிக் கிடக்கும், பயப்பட வேண்டாம். வெளிச்சம் குறைந்த அறையில், நிலத்தில், பழைய சாறத்தை விரித்துக் கிடத்துங்கள். கட்டிலிலோ கதிரையிலோ வைத்தால் தள்ளாடி விழும். உடம்பு குளிரும், ஆகவே ஃபானுக்கு நேரே வைக்க வேண்டாம். மற்றப் பூனைகளைக் கிட்டவிட வேண்டாம். மயக்க மருந்தின் மணம் அடிப்பதால், கூடப்பிறந்ததுகூடச் சீறிப் பாயும். நன்றாக எழுந்து நடக்கும்வரை சாப்பாடு வேண்டாம். பிறகு கொஞ்சம் தண்ணீர், இரவுக்கு வழமையில் பாதி சாப்பாடு. முகத்திலும் காலிலும் பச்சை மை பூசுப்பட்டிருக்கும். அதைத் துடைக்கப் போகாதீர்கள். இரண்டொரு நாளில் தானாகப் போய்விடும்.

இரண்டாம் மூன்றாம் நாள் காது கொஞ்சம் சிவந்து தடிக்கும். அது வழமை. காலையும் மாலையும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுக் காதைப் பாருங்கள். பார்ப்பதுதான் முக்கியம், ஏதாவது பூசுவதல்ல. ஊத்தை பட்டிருந்தால் மட்டும், பார்மசியில் வாங்கும் சேலைனிலோ கொதித்து ஆறின தண்ணீரிலோ பஞ்சை நனைத்து மெதுவாக ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது. நாலாம் ஐந்தாம் நாளளவில் மெல்லிய பொருக்கு கட்டும். அதை நகத்தால் உரித்தால் மையும் சேர்ந்து வந்துவிடும், இலக்கம் வாசிக்க முடியாமல் போகும். அது தானாக உதிரட்டும். காதும் வயிற்றுத் தையலும் ஆறப் பத்து முதல் பதினான்கு நாள் பிடிக்கும்.

அதுவரை பூனை வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். இதற்குப் பெரிய காரணம் இலையான். எங்கள் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும், ஈரமான காயம் திறந்திருந்தால் இலையான் முட்டையிட்டுப் புழு வைக்க ஒரு நாள் போதும். அடுத்த காரணம் கால் நகம். பூனை பின்னங்காலால் காதைச் சொறிந்தால் ஒரு நிமிடத்தில் காயம் பிளக்கும். கழுத்துக்கு மாட்டும் கூம்பு கடையில் கிடைக்காவிட்டால் பரவாயில்லை. பிளாஸ்டிக் பைல் கவர் ஒன்றை வட்டமாக வெட்டிக் கூம்பாக மடித்து, விளிம்புக்குத் துணி ஒட்டி, பிள்ளைகளே எங்களுக்கு ஐந்து செய்து தந்தார்கள். கழுத்துக்கும் கூம்புக்கும் இடையில் இரண்டு விரல் நுழைய வேண்டும். சாப்பிடும்போது கழற்றி, முடியும்வரை பக்கத்தில் இருந்து, திரும்ப மாட்டுங்கள். கழிப்பதற்கு மண் வைக்காமல், கிழித்த பேப்பரைத் தட்டில் போடுங்கள். மண் தையலில் ஒட்டும்.

சாப்பாட்டுக்கு உப்புப் போடாமல் அவித்த சூடையோ சாளையோ போதும், முள் எடுத்துக் கொடுங்கள். குழம்புச் சோறும் சொதிச் சோறும் வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். ஒரு முழு நாள் ஒன்றும் தின்னாமல் கிடந்தால் டொக்டருக்குச் சொல்லுங்கள். பூனை பல நாள் பட்டினி கிடந்தால் ஈரல் பாதிக்கப்படும்.

இனிச் செய்யக் கூடாதவை. இதை வீட்டுப் பெரியவர்களுக்குக் கட்டாயம் வாசித்துக் காட்டுங்கள். நோவுக்கு என்று பனடோல் கொடுக்கவே கூடாது. மனிதரின் ஈரல் அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் விதத்தில் பூனையின் ஈரலால் செய்ய முடியாது. 500 மில்லிகிராம் குளிசை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். தண்ணீரில் ஊற்றினால் பால் போல வெளுக்கும் கிருமிநாசினியைப் பூசக் கூடாது, அதுவும் பூனைக்கு நஞ்சு. தைலம், கற்பூர எண்ணெய், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். நாய்க்கு விற்கும் தெள்ளு மருந்தும் வேண்டாம். மஞ்சளும் தேங்காயெண்ணெயும் எங்கள் கைக்கு முதலில் வருபவை, மனிதர் தோலுக்கு அது பழக்கம். ஆனால் பூனைக்குப் பூசினால் அது அந்த எண்ணெயைத் துடைக்கவே காதை ஓயாமல் சொறியும், எண்ணெயில் தூசியும் ஒட்டும்.

சாம்பல் கடுவனுக்கு நடந்தது அதுதான். அந்த வீட்டார் அக்கறை இல்லாதவர்கள் அல்ல. அக்கறையால்தான் ஒரு நாளைக்கு மூன்றுமுறை பூசினார்கள். பூனை சொறிந்தது, பொருக்கு கிழிந்தது, வெளியில் விட்டதும் இலையான் மொய்த்தது. ஐந்தாம் நாள் காது சுட்டது, மணத்தது, தலை ஒருபக்கம் சாய்ந்தது. இந்த அறிகுறிகளை நன்றாக நினைவில் வையுங்கள்: காது சூடாக இருத்தல், சீழ், கெட்ட மணம், தலையைச் சாய்த்தல், ஓயாமல் தலையை உதறல். உதறி உதறிக் காதுக்குள் இரத்தம் கட்டிச் சின்னத் தலையணை போலப் பொம்மினாலும் அப்படித்தான். இதில் ஒன்று கண்டால் அன்றைக்கே டொக்டரிடம் போக வேண்டும். நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது.

அன்று பின்னேரம் அந்த வீட்டு வாசலில் சாக்கு வந்துவிட்டது. "பிள்ளைகள் உள்ள வீடு டீச்சர், நாங்கள் என்ன செய்யிற?" என்று அந்த வீட்டு ராத்தா கேட்டதில் நியாயம் இருந்தது. பயம் உண்மையானது. ஆனால் சாக்கு அந்தப் பயத்துக்கு மருந்து அல்ல. கடற்கரையில் விட்ட பூனை சாகும், அல்லது இன்னொரு தெருவில் இன்னொரு பிள்ளையின் பயமாக மாறும். தடுப்பூசி போட்ட ஒன்பது பூனைகள் தெருவில் இருப்பது எங்கள் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு. அவற்றை அப்புறப்படுத்தினால் அந்த இடத்துக்கு ஊசி போடாதவை வரும். பெட்டைப் பூனை ஐந்து மாதத்திலேயே சினைப்படக்கூடியது, ஒன்பது கிழமையில் குட்டி போடும். திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். (எந்தப் பூனை கடித்தாலும் பிறாண்டினாலும் காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். இதில் விளையாட்டு வேண்டாம்.)

ஒரு பெண் பூனையைக் கட்டி வைத்து, தானும் தீன் போடாமல், அது தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்டதற்காகத் தண்டிக்கப்பட்ட ஹதீஸ் எங்கள் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அதைப் "பூனையை அடிக்காதே" என்ற அளவில்தான் வழமையாகச் சொல்லிக் கொடுக்கிறோம். இந்தப் பத்து நாளும் ஐந்து பூனைகளை அறைக்குள் பூட்டி வைத்திருந்தபோதுதான் அதன் அடுத்த பக்கம் விளங்கியது. அடைத்து வைத்தவர் மேல் அதன் வயிறும் காயமும் கடமையாகிவிடுகின்றன. அது தன்பாட்டில் திரிந்தபோது நாங்கள் ஒரு முள்ளை எறிந்தாலே நன்மை. எங்கள் தேவைக்காகப் பிடித்து, மயக்கி, வெட்டி, காதில் இலக்கமும் குத்திவிட்ட பிறகு, ஆறும்வரை பார்ப்பதை உபகாரம் என்று சொல்ல முடியாது. அது கடன்.

சாம்பல் கடுவனைச் சாக்கில் அல்ல, ஒரு பிளாஸ்டிக் கூடையில் வைத்து முச்சக்கரவண்டியில் டொக்டரிடம் கொண்டுபோனோம். திரும்ப மயக்கி, காயத்தைத் துப்புரவாக்கி, அன்டிபயோட்டிக் கொடுத்தார். அந்த ராத்தாவும் கூட வந்தா. மருந்துகளை நேரத்துக்குக் கொடுத்ததும் அவதான். இப்போது காது ஆறிவிட்டது. ஆனால் இலக்கத்தில் ஒரு பகுதி அழிந்துவிட்டது. அங்கேதான் எங்கள் சீ.ஆர். கொப்பி உதவியது.

இலக்கத்தைக் குத்துவதைவிட அதை எழுதி வைப்பது பெரிய வேலை. குத்திய அன்றே காதைப் படம் பிடித்து, ஒரு கொப்பியில் ஒன்பது பூனைகளையும் பதிந்தோம்: இலக்கம், நிறம், ஆணா பெண்ணா, ஊசி போட்ட திகதி, எந்த வீட்டு முற்றத்தில் சாப்பிடும், யாருடைய போன் இலக்கம். டொக்டரிடம் ஒரு பிரதி இருக்கிறது. காதில் பாதி அழிந்தாலும் கொப்பியில் முழுசாக இருக்கிறது. காலம் போகப் போகப் பச்சை மங்கும், பூனை வளரும்போது எழுத்து இழுபடும். கொப்பி இல்லாவிட்டால் காதில் இருப்பது வெறும் கீறல்தான்.

இதைச் சொல்லும்போது எங்கள் உம்மம்மா கேட்ட கேள்வியையும் எழுத வேண்டும். முதல் நாள் பூனையின் காதை விரித்துக் காட்டியபோது அவ முகத்தைத் திருப்பிக்கொண்டா. "கேம்பில எங்கட காட்டிலயும் இப்பிடித்தான் நம்பர் இருந்தது" என்றா. 1990 ஒக்டோபர் 30 இல் இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாண நகரத்தை விட்டுப் போகச் சொன்னபோது, வீட்டுப் பூனை மதிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்ததாம். அதைத் தூக்க நேரமும் இல்லை, இடமும் இல்லை. புத்தளத்தில் தகரக் கொட்டிலில் இருந்த காலம் முழுக்க, நிவாரண அட்டையில் ஓர் இலக்கமாக இருந்த நினைவு அவவுக்கு இன்னும் சுடுகிறது. எங்களுக்கும் அதற்கு உடனே பதில் வரவில்லை.

பதிலைச் சொன்னது நாங்கள் அல்ல, கொப்பிதான். ஐந்தாம் நாள் சாம்பல் கடுவனின் விஷயம் வந்தபோது, கொப்பியைப் புரட்டி, "இது யார் பொறுப்பு, எப்ப ஊசி போட்டது, டொக்டரின் போன் எது" என்று ஒவ்வொன்றாகப் பிள்ளைகள் வாசித்தார்கள். உம்மம்மா கேட்டுக்கொண்டிருந்தா. இலக்கம் போட்டுவிட்டு யாரும் திரும்பிப் பார்க்காத அட்டை ஒரு வகை. இலக்கத்தைக் கண்டதும் ஒருவர் எழுந்து வருவது வேறு வகை. அவ இரண்டையும் பார்த்துவிட்டா. அடுத்த நாள் கொப்பியில் கோடு போடுவதற்கு அடிமட்டத்தைத் தேடித் தந்தது அவதான். எங்கள் வீட்டுப் பெட்டை 'பிஸ்கட்'டின் இலக்கம் அவவுக்கு இப்போது பாடம்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் மூன்று. உங்கள் முற்றத்துக்கு வரும் பூனையின் காதில் இலக்கம் கண்டால் விரட்ட வேண்டாம், எங்களுக்குச் சொல்லுங்கள், கொப்பியில் பார்த்து யார் பொறுப்பு என்று சொல்கிறோம். அடுத்தமுறை பூனை பிடிக்க வருபவர்கள், பத்து நாள் பார்க்க வீட்டில் ஓர் அறையும் ஒரு ஆளும் இருந்தால் மட்டும் வாருங்கள். அந்தப் பத்து நாளுக்கு ஆள் இல்லாவிட்டால் பூனையைப் பிடிக்கவே வேண்டாம். மூன்றாவது, காது ஏதும் சந்தேகமாக இருந்தால் மருந்து பூசுவதற்கு முன் எங்களைக் கூப்பிடுங்கள், இரவானாலும் பரவாயில்லை.

பைல் கவர் கூம்புகள் நான்கு மிச்சம் இருக்கின்றன. தேவைப்படுபவர்கள் மஃரிபுக்குப் பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம். பாவித்து முடிந்ததும் கழுவிக் காயவைத்துத் திருப்பித் தாருங்கள்.

வஸ்ஸலாம்.